இரண்டு நூல்

சைட்டில் என்னை யாரும் கட்டடக் கலைஞர் என்று கூப்பிட்டதில்லை. ஐந்து வருடம் பி.ஆர்க் படித்து, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு எண் வாங்கி, அந்த எண்ணை வரைபடத்தின் மூலையில் முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு போனாலும் அங்கே என் பெயர் 'இன்ஜினியரம்மா'தான். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். இன்ஜினியர் வேறு, ஆர்க்கிடெக்ட் வேறு என்று சாப்பாட்டு நேரத்தில் சித்தாள்களுக்கு வகுப்பே எடுத்தேன். வயதான ஒரு அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு பேரும் சாந்துல கால வைக்க மாட்டீங்க. அப்புறம் என்ன வித்தியாசம்?" என்று சொல்லி, சும்மாட்டைத் தலையில் வைத்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதோடு விட்டேன்.

இந்த வருடம் பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகள், "சின்ன வயசுலயே விருது வாங்கினீங்களாமே மேடம், எப்படி இந்த இடத்துக்கு வந்தீங்கன்னு எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். விருது உண்மைதான், ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னால் ஓர் ஒழுகலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கு முன்னால் என் மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரை எழுதினால், "என்னைய எதுக்கும்மா இதுல இழுக்குறீங்க" என்பார். ஆகவே மேஸ்திரி என்றே இருக்கட்டும்.

காரைக்குடிப் பக்கத்தில் என் முதல் சைட்டுக்கு நான் கொண்டுபோன வரைபடம் முழுக்க மில்லிமீட்டர். கல்லூரியில் அப்படித்தான் பழக்கம். ஹால் 4570, படுக்கையறை 3350. மேஸ்திரி தாளை வாங்கி ஒருமுறை தலைகீழாகவும் ஒருமுறை நேராகவும் பார்த்தார். "போன் நம்பர் மாதிரி இருக்கு. அடியில சொல்லுங்கம்மா" என்றார். பதினைந்து அடி, பதினோரு அடி என்று நான் சொல்லச் சொல்ல, கரிக்கட்டையை எடுத்துப் பக்கத்துச் சுவரில் எழுதிக்கொண்டார். அந்தக் கரி எழுத்துதான் கடைசிவரை வரைபடம். என் தாள் டீ கிளாசுக்கு அடியில் போனது.

அவருடைய உலகத்தில் அடி, அதற்குக் கீழே இஞ்சு, அதற்கும் கீழே நூல். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். "ரெண்டு நூல் உள்ள வாங்குடா" என்றால் கால் இஞ்சு. அது ஆறு மில்லிமீட்டர் என்று நான் மனதுக்குள் மாற்றி முடிப்பதற்குள், கொத்தனார் கரண்டிக் காம்பால் செங்கலை ஒரு தட்டுத் தட்டி உள்ளே வாங்கியிருப்பார். செங்கல் வரிசைக்கு மேலே இழுத்துக் கட்டுகிற கயிறும் நூல்தான். இந்த இரண்டு நூலும் நான் படித்த நூல்களில் இல்லை. இன்றைக்கு என் அலுவலகத்திலிருந்து போகும் ஒவ்வொரு வரைபடத்திலும் மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் அடியும் இஞ்சும் தமிழில் இருக்கும். நகராட்சிக்கு ஒரு தாள், கொத்தனாருக்கு ஒரு தாள். கொத்தனார் தாளைத்தான் முதலில் போடச் சொல்வேன்.

டியூப் மட்டம் பிடிக்கக் கற்றுக்கொண்டதையும் சொல்கிறேன். விரல் பருமனுள்ள பிளாஸ்டிக் குழாய், நாற்பது அடி, உள்ளே தண்ணீர். ஒரு முனையைத் தூணில் போட்ட குறியோடு சேர்த்து ஒருவர் பிடிக்க, மறுமுனையை இன்னொருவர் அடுத்த மூலையில் பிடித்துத் தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போட வேண்டும். இவ்வளவுதான் வேலை. நான் சுறுசுறுப்பாக நான்கு மூலையும் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு, புறப்பட்ட தூணுக்கே திரும்பி வந்தேன். பழைய குறிக்கும் புதுக் கோட்டுக்கும் நடுவே ஒரு இஞ்சுக்கு மேல் வித்தியாசம். ஒரு வீட்டைச் சுற்றி வருவதற்குள் பூமி சாய்ந்துவிட்டது போலிருந்தது.

மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. டியூபை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, விரலால் தடவிக்கொண்டே அதன் நீளத்துக்கும் நடந்தார். முக்கால்வாசி தூரத்தில் நின்றார். "இந்தா உக்காந்திருக்கான் பாருங்க" என்றார். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு காற்றுக் குமிழ், தரையில் கிடந்த ஒரு வளைவில் ஒளிந்திருந்தது. அவனை வெளியேற்ற அரை மணி நேரம் ஆனது. ஒரு முனையை உயரத்தில் வைத்த வாளிக்குள் போட்டு, மறுமுனையில் வாய் வைத்து இழுத்து, தண்ணீர் அறுபடாமல் ஓடும் வரை விட வேண்டும். டியூபில் முடிச்சோ மடிப்போ இருக்கக் கூடாது. இரண்டு முனையிலும் கட்டைவிரலை எடுத்தாகிவிட்டதா என்று கத்திக் கேட்ட பிறகே பென்சிலை வைக்க வேண்டும். நான் கேட்காமல் வைத்த நாட்கள் உண்டு. இப்போது என்னிடம் லேசர் மட்டம் இருக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் சித்திரை வெயிலில் அந்தக் கோடு கண்ணுக்கே தெரியாது. அப்போதெல்லாம் டியூபைத்தான் எடுக்கிறோம்.

மாடிப்படி விஷயத்தில் நான் செய்த தவறு இதைவிடப் பெரியது. தளத்திலிருந்து தளத்துக்கு 10 அடி, 20 ஏற்றம், ஒவ்வொன்றும் 6 இஞ்சு. கான்கிரீட் பலகை அடித்ததும் நானே டேப் வைத்து ஒவ்வொரு படியையும் அளந்தேன். அச்சு வார்த்த மாதிரி இருந்தது. கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் மேஸ்திரி கேட்டார்: "தரை எவ்வளவும்மா ஏறும்?" எனக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியவில்லை. "அத அப்புறம் பாத்துக்கலாம் மேஸ்திரி" என்றேன்.

அப்புறம் பார்த்தோம். கீழே ஹாலில் ஆத்தங்குடி ஓடு. ஓடும் அதற்கடியில் சாந்துப் படுக்கையும் சேர்த்து 3 இஞ்சு ஏறியது. மாடியிலும் அதே ஓடு, அதே 3 இஞ்சு. படிகளில் மட்டும் கிரானைட் பலகை, சாந்தோடு சேர்த்து 1 இஞ்சுதான். நீங்களே கணக்குப் போடுங்கள். முதல் படி: ஆறும் ஒன்றும் ஏழு, அதில் மூன்று தரைக்குள் போனது, மிச்சம் 4. கடைசிப் படி: ஆறும் மூன்றும் ஒன்பது, அதில் ஒன்று கழித்தால் 8. நடுவில் இருப்பதெல்லாம் 6. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கால் கண்டுபிடித்துவிடும். கிரகப்பிரவேசத்தன்று வீட்டுக்காரரின் அம்மா பால் சொம்போடு மாடி ஏறி, கடைசிப் படியில் இடறினார். நல்லவேளை, பின்னால் வந்த மருமகள் பிடித்துக்கொண்டார். பால் மட்டும் பத்தொன்பது படியிலும் வழிந்து இறங்கியது. பால் பொங்கினால் நல்லதுதானே என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். நான் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தேன்.

திருத்த வழி சொன்னவரும் மேஸ்திரிதான். நான் மொத்தப் படியையும் உடைக்க வேண்டும் என்று நினைத்து ராத்திரி தூங்கவில்லை. அவர் காலையில் வந்து, "எல்லாப் படியையும் ரெண்டு ரெண்டு இஞ்சு தூக்கிட்டா போச்சு" என்றார். கிரானைட்டைப் பெயர்த்து, பத்தொன்பது படியிலும் 2 இஞ்சு கான்கிரீட் ஏற்றி, பலகையைத் திரும்பப் பதித்தோம். நான்கு ஆறாயிற்று, எட்டும் ஆறாயிற்று, நடுவில் இருந்ததெல்லாம் ஆறாகவே இருந்தது. என் ஐந்து வருடப் படிப்பு அந்தக் கூட்டல் கழித்தலுக்கு வந்து நிற்கவில்லை. அன்றிலிருந்து படியை வரையும்போது முடிந்த தரைக்குத்தான் முதல் கோடு போடுகிறேன். அதிலிருந்து கீழே இறங்கித்தான் கான்கிரீட்டுக்கு. உங்களில் யாராவது கான்கிரீட்டிலிருந்து ஆரம்பிப்பதைப் பார்த்தால் எனக்கு அந்தச் சொம்பு உருண்ட சத்தம் கேட்கும்.

பொருளைப் பற்றிச் சொல்லப் போனால் செங்கல்லில்தான் தொடங்க வேண்டும். லோடு வந்து இறங்கியதும் மேஸ்திரி இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். கிண் என்று கேட்டால் வெந்த கல். டொக் என்றால் வேகாதது. நகத்தால் கீறுவார், தடம் விழக் கூடாது. ஒரு கல்லை உடைத்து நடுவைப் பார்ப்பார். இடுப்பு உயரத்திலிருந்து ஒன்றை இன்னொன்றின் மேல் போடுவார். இதற்குள் லாரி டிரைவர் பொறுமை இழந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்திருப்பார். கல் நன்றாக இருந்தாலும் நனைக்காமல் வைக்கக் கூடாது. தொட்டியில் போட்டுக் குமிழ் அடங்கும் வரை ஊற வேண்டும். காய்ந்த கல் சாந்தின் தண்ணீரைக் குடித்துவிடும், சாந்து பிடிக்காமல் மணலாய் உதிரும். ஆற்று மணல் போய் எம்-சாண்ட் வந்த பிறகு இந்தக் கவனம் இன்னும் கூட வேண்டியிருக்கிறது. கலவை கையில் வேறு மாதிரி இருக்கிறது என்று பூச்சுக் கொத்தனார்கள் ரொம்ப நாள் முணுமுணுத்தார்கள். இப்போது கை பழகிவிட்டது.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கரைப் பற்றிக் கேள்விப்படாத கட்டடக்கலை மாணவர் இருக்க முடியாது. இங்கிலாந்தில் பர்மிங்காமில் பிறந்து, இந்த நாட்டுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் 2007-இல் மறைந்தவர். நான் படிக்கும்போது நண்பர்களோடு பஸ் ஏறிப் போய் அங்கே உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் சுவர்களைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். பூசாத செங்கல், காற்று நுழையும் சல்லடைச் சுவர், மரத்தைச் சுற்றி வளைந்து போகும் கட்டடம். திரும்பி வந்ததும் தலையில் ஒரே எண்ணம்: எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் குத்தாக நிறுத்தி, உள்ளும் வெளியும் 3 இஞ்சு, நடுவில் 3 இஞ்சு வெற்றிடம் விட்டு 9 இஞ்சுச் சுவர் எழுப்புவது. ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், வெயிலும் சீக்கிரம் உள்ளே இறங்காது.

எங்கள் பக்கத்தில் அதைக் கட்டச் சொன்னேன். ஒரே நாளில் சுவர் தேவாங்கு மாதிரி நின்றது. காரணம் எளிது. எங்களுக்கு வந்தது நாட்டுச் செங்கல். ஒன்று எட்டே முக்கால், ஒன்று ஒன்பதேகால். படுக்கையாக வைத்தால் சாந்துக்குள் மறைந்துவிடும் இந்த வித்தியாசம், குத்தாக நிறுத்தியதும் பல் வரிசை மாதிரி வெளியே தெரிந்தது. இணைப்பு ஓரிடத்தில் மூன்று நூல், ஓரிடத்தில் முழு இஞ்சு. மேஸ்திரி, "அவரு ஊருல கல்லு ஒத்து வந்திருக்கும்மா. இங்க அவரு வந்திருந்தா இதக் கட்டியிருக்க மாட்டாரு" என்றார். பேக்கர் சைட்டிலேயே நின்று, கைக்குக் கிடைத்த துண்டுத் தாளில் வரைந்து வேலை வாங்கியவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் அவருடைய சுவரைத்தான் எடுத்துவந்திருந்தேன். அடுத்த முறை சூளைக்கே போய், ஒரே அளவில் கல் பொறுக்கி எடுக்க இரண்டு பேரைக் கூலிக்கு வைத்துத்தான் எலிப்பொறிக் கட்டுக்கு இறங்கினோம். அந்தச் சுவர் நன்றாக நிற்கிறது. பொறுக்கிய கூலியைக் கணக்கில் சேர்த்தால் மிச்சம் அவ்வளவு பெரிது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி அந்த விருது வீடு.

மேல்தளத்துக்குச் சுருக்கி போடுவதை இப்போது பலர் விட்டுவிட்டார்கள். கெமிக்கல் பூசி ஓடு ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு இன்னும் சுருக்கிதான். சுண்ணாம்பைத் தாளித்து, செங்கல் ஜல்லியை ஊறவைத்து, இரண்டையும் புரட்டிப் புரட்டிக் குவித்து வைக்க வேண்டும். கான்கிரீட் தளத்தின் மேல் அதை மூன்று நான்கு இஞ்சுக்குப் பரப்பும்போதே வாட்டம் பிடித்துவிட வேண்டும். பத்தடிக்கு 2 இஞ்சு, மழைநீர்க் குழாயைப் பார்த்து. பிறகு அடி. பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கைப்பிடி வைத்த மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க வேண்டும். முதல் நாள் கட்டை ஜல்லிக்குள் புதைகிற சத்தம், சோற்றுப் பானையைத் தட்டுகிற மாதிரி கேட்கும். மூன்றாம் நாள், நான்காம் நாள் அது இறுகி, கட்டை எகிறத் தொடங்கும். சத்தமும் மேலே ஏறும். போதும் என்பதை மேஸ்திரி கீழே நின்று காதால் கேட்டே சொல்வார். நான் மாடிக்கு ஓடிப் போய்க் குனிந்து தட்டிப் பார்ப்பேன். எனக்கு அந்தக் காது வருவதற்குப் பத்து வருடம் ஆயிற்று. அதற்கு மேல் தட்டோடு பதித்து, இணைப்புகளை நிரப்பி, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும்.

தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை ஒன்று இருக்கிறதே, அங்கேதான் எல்லாம். சாந்தை அந்த மூலையில் வளைத்து, தொட்டில் மாதிரி பூசிச் சுவர் மேல் ஏற்றிவிட வேண்டும். தண்ணீர் மூலையில் தங்காமல் நழுவி இறங்கும். என் வரைபடத்தில் அந்த மூலை கத்தி மாதிரி நேர்க்கோடாக இருந்தது. வெள்ளைச் சுவர், செம்மண் நிற ஓடு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய நிழல். எனக்கு அந்தக் கோட்டின் மேல் ஆசை. மேஸ்திரி வளைத்துப் பூசத் தொடங்கியிருந்தார். நான் அதைச் சுரண்டி எடுக்கச் சொன்னேன். "தண்ணி நிக்கும்மா" என்றார். "வாட்டம் இருக்குல்ல மேஸ்திரி, நிக்காது" என்றேன். அவர் சற்று நேரம் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சுரண்டச் சொன்னார்.

அந்த வீட்டுக்குத்தான் இளம் கட்டடக் கலைஞர் விருது. எனக்கு 31 வயது. எங்கள் தொழிலில் இளமை நீளமானது. பி.வி. தோஷிக்கு 2018-இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தபோது அவருக்கு 90 வயது. அதை வாங்கிய முதல் இந்தியர் அவர்தான். ஆகவே 31 என்பது எங்கள் கணக்கில் பால் பல் விழாத வயது. சென்னையில் குளிரூட்டிய அரங்கம், சால்வை, கண்ணாடிப் பேழை. திரையில் அந்த மொட்டை மாடி மூலையின் படம் ஆள் உயரத்துக்கு வந்தது. அந்தக் கோட்டைப் பற்றி ஒருவர் அழகாகப் பேசினார். மேஸ்திரியையும் கூப்பிட்டிருந்தேன். "அன்னிக்கு ஒரு தலைவாசல் வைக்கிற வேலை இருக்கும்மா" என்று சொல்லி வரவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். கோபப்பட மாட்டார், அதுதான் கஷ்டம். போனில், "ஏம்மா, பத்திரிகையில உங்க போட்டோவுக்குப் பக்கத்துல ஒரு மூல வந்திருக்குல்ல, அதுலதான் ஒழுகுது" என்றார். போய்ப் பார்த்தேன். படுக்கையறை உச்சியில் இந்திய வரைபடம் மாதிரி ஓர் ஈரத் திட்டு. வாட்டம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சுவரும் தளமும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கியதில், என் அழகான நேர்க்கோட்டில் தலைமுடி அளவு விரிசல் விழுந்திருந்தது. ஓடி வரும் தண்ணீருக்கு அவ்வளவு வழி போதும்.

மழை விட்டதும் சுவரோரமாக ஒரு அடி அகலத்துக்குத் தட்டோட்டைப் பெயர்த்தோம். கைப்பிடிச் சுவரில் காடி வெட்டி, சாந்தை உள்ளே கொடுத்து, வளைத்துப் பூசினோம். செலவு என்னுடையது. வேலை நடந்த மூன்று நாளும் மேஸ்திரி, "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்ற வார்த்தையைச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். கொத்தனார்கள் முன்னால் சொல்லியிருந்தால் நியாயம்தான். அவர் சொல்லவில்லை. கரண்டியின் முதுகால் அந்த வளைவை ஒரே இழுப்பில் இழுத்துக் காட்டி, "இப்படி ஒருக்கா நீங்க இழுங்க" என்று என் கையில் கொடுத்தார். என் இழுப்பு அலை அலையாக வந்தது. அதன் மேல் அவர் மறுபடி இழுத்தார். நான் மறுபடி. ஒரு சுவர் நீளம் முழுவதும் அப்படியே போனோம். மூன்று அடி தூரம் நான் இழுத்தது திருத்தாமல் நிற்கிறது. கிழக்குப் பக்கம்.

தலைமை தாங்குவது பற்றியும் கேட்டீர்கள். சனிக்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். வீட்டுக்காரர் பணம் கொடுக்கவில்லை, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு முறை சொன்னேன். இரண்டாவது திங்கட்கிழமை பாதிப் பேர் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பதும், பிள்ளைக்கு மருந்து வாங்குவதும் அந்தச் சாயங்காலத்தை நம்பித்தான். இப்போது புதன்கிழமையே வீட்டுக்காரருக்கு நினைவூட்டுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் என் கையிலிருந்து. வரைபடம் தாமதமானால் மன்னிப்பார்கள்.

இன்னொன்று. எங்கள் ஊர் சைட்டுகளில் பெண் என்றால் சித்தாள். பத்து வருடம் சாந்து சுமந்தாலும் சித்தாள்தான். கூட வந்த பையன் மூன்று வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். எங்களிடம் வேலை செய்த சித்தாள் ஒருவர், சாப்பாட்டு நேரத்தில் கொத்தனார்கள் படுத்திருக்கும்போது உடைந்த கல்லை வைத்து நூல் பிடித்துக் கட்டிப் பார்ப்பார், பிறகு கலைத்துவிடுவார். அதைப் பார்த்துவிட்டு, பின்பக்கக் குளியலறைச் சுவரை அவரிடம் கொடுக்கலாம் என்றேன். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அவர் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதை மறைக்கப் போவதில்லை. "ஆளுங்க பேசுவாங்கம்மா" என்றார். பேசினார்கள். இரண்டு பேர் ஒரு நாள் வரவில்லை. வழக்கமாக மேஸ்திரி சொல்லை மீறக் கூடாது என்று ஒழுகிய அந்த மூலையில் கற்றிருந்தேன். இது அந்த மாதிரி விஷயம் இல்லை என்று பட்டதால் நின்றேன்.

நான்கு அடி எழுந்ததும் மேஸ்திரி தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு வந்தார். மேலே கட்டையை ஒட்டிப் பிடித்து நூலை விட்டார். குண்டு ஆடி ஆடி அடங்கியது. சுவரை ஒட்டியும் ஒட்டாமலும் நிற்க வேண்டியது, கீழே சுவரை விட்டு விலகி நின்றது. "ரெண்டு நூல் வெளிய இருக்கு" என்றார். கால் இஞ்சு. பூச்சில் மறைந்துவிடும். ஆண் கொத்தனார் கட்டியிருந்தால் விட்டிருப்பார், எனக்குத் தெரியும். நான் வாய் திறப்பதற்குள் அந்த அம்மா மூன்று வரிசையைக் கையாலேயே பெயர்த்து, சாந்தைச் சுரண்டிச் சட்டியில் போட்டுவிட்டு, மறுபடி நூல் கட்டத் தொடங்கினார். சாயங்காலம் மேஸ்திரி திரும்பி வந்து குண்டு விட்டார். நூலைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனார். அந்தச் சனிக்கிழமை சம்பளப் பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே கொத்தனார் கூலி எழுதியிருந்தது. எழுத்து மேஸ்திரியுடையது.

அவர் இப்போது மாடி ஏறுவதில்லை, முழங்கால் வலி. கீழே நாற்காலி போட்டுக் கொடுத்தால் உட்கார்ந்து சத்தம் கேட்பார். சுருக்கி அடிக்கும் நாட்களில் மட்டும் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறேன்.

பயிற்சிப் பிள்ளைகளுக்கு ஒன்று. வியாழக்கிழமை காலை ஏழரைக்கு, இப்போது நடக்கும் நூலக வேலையில் மேல்தளக் கான்கிரீட். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் எல்லா இடத்திலும் இருக்கிறதா என்று ஆறு மணிக்கே குனிந்து பார்க்க வேண்டும். கால் பட்டு நகர்ந்திருக்கும். செருப்பு வேண்டாம், ஷூ. தொப்பியோ துண்டோ கொண்டு வாருங்கள். புதன் சாயங்காலம் யாராவது ஒருவர் வந்து டியூபில் தண்ணீர் ஏற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். வெயில் இருக்கும்போதே வாருங்கள், இருட்டினால் குமிழ் தெரியாது.